பட்டறையில் படித்த கார்டு

ஆஸ்பத்திரி ரிக்கார்டு ரூமில் கம்ப்யூட்டர் வந்திறங்கிய அன்று தேங்காய் உடைத்துக் குங்குமம் வைத்தார்கள். அதற்கென்று ஒரு கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று பலகையும் தொங்கவிட்டார்கள். வெளியே வராந்தாவில் நோயாளிகள் சிமெண்ட் தரையில் வியர்த்து வழிந்துகொண்டு கிடந்தார்கள். அவர்களுக்கு ஒரு மின்விசிறி கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மாட்டுங்காவில் வீடு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், அதற்கு மேல் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்பு. பழுப்பேறிய கேஸ் பேப்பர்களைப் பார்த்துப் பெயர், வயது, விலாசம், வியாதி என்று ஒவ்வொன்றாகத் தட்டி அந்தப் பெட்டிக்குள் ஏற்றுவது என் வேலை. எண்பதுகளின் பின்பாதியில் பம்பாயில் இது பெரிய கௌரவம். என் அப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தாராவி கூப்பிடு தூரம். ரிக்கார்டு ரூமில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள் யார் வந்தாலும் ஜன்னலுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் அந்த அம்மாவையும் பெண்ணையும் தெரியும். அந்த அம்மாவின் கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். மாதம் ஒரு தடவை பெண்ணுக்கு வலிப்பு மாத்திரை வாங்க வருவார்கள். கேஸ் பேப்பரில் இருபத்தாறு வயது, கல்யாணமானவள், இரண்டு குழந்தைகள் என்று இருந்தது. எதிரே நின்ற பெண்ணுக்குப் பத்தொன்பதுக்கு மேல் இருக்காது. கழுத்தில் முஸ்லிம் பெண்கள் தாலியாகக் கட்டும் கருகமணியும் இல்லை. நான் பேப்பரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்ததும் அந்த அம்மா ஜன்னல் கம்பிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"பெரியவளுக்குக் கல்யாணம் முடிஞ்சி ரெண்டு புள்ளையும் ஆயாச்சி. அவ பேருல இருந்தா யாரு என்ன செய்யப்போறாவ? சின்னவளுக்கு இனிமேத்தாம்மா மாப்பிள்ளை பாக்கணும். அப்படியே எழுதிக்கிடுங்க."

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு பயந்து பயந்து போட்ட கணக்கு அது. வலிப்பு என்று ஊருக்குத் தெரிந்தால் பெண்ணை யாரும் எடுக்கமாட்டார்கள். மருந்து வாங்காமலும் இருக்க முடியாது. அதனால் ஏற்கெனவே கரையேறிவிட்ட மூத்தவளின் பெயரில் வியாதியை எழுதிவைத்துவிட்டு, இளையவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறாள். டாக்டர்களும் கூட்டத்தில் தலையை நிமிர்த்துவதில்லை. நானும் ஒன்றும் கேட்காமல் பேப்பரில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

இதற்கிடையில் வலிப்புக்குப் புது மாத்திரை ஒன்றைப் பரீட்சை பார்க்க ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் படித்தவர், சாந்தமாகப் பேசுவார், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேநீர் வரவழைத்துத் தருவார். அவருக்கு நோயாளிகள் வேண்டும். பழைய நாளாக இருந்தால் பேப்பர்க் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் தும்மியே ஒரு வருஷம் போயிருக்கும். இப்போது வியாதிக்கு ஒரு நம்பர், வயதுக்கு ஒரு வரம்பு, ஏரியாவுக்கு ஒரு பின்கோடு என்று நான் தட்டினால் போதும், பிரிண்டர் கரகரவென்று பட்டியலைத் துப்பிவிடும். அவர் கேட்ட பின்கோடு தாராவியுடையது. மாட்டுங்கா ஏன் வேண்டாம் என்று கேட்டேன். சிரித்தார். உங்கள் மாட்டுங்காக்காரர்கள் நூறு கேள்வி கேட்பார்கள், பிறகு குடும்ப டாக்டரிடம் போய் யோசனை கேட்பார்கள், தாராவிக்காரர்கள் கூப்பிட்டால் வருவார்கள் என்றார். என்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அந்த மனிதர்கள் வியாதியைச் சொன்னது மருந்துக்காக, இப்படிப் பட்டியல் போட அவர்களை யார் கேட்டார்கள் என்றேன். பேப்பர் ஆஸ்பத்திரியுடையது என்றார். சரி, அவர்களைக் கூப்பிட்டு எழுதுவதையாவது ஒட்டிய கவரில் போட்டு அனுப்புங்கள் என்றேன். கவரில் போட்டு ஒட்ட ஆள் எங்கே இருக்கிறது, போஸ்ட் கார்டு போதும் என்றார். இந்தியில் பெரிய எழுத்தில் சைக்ளோஸ்டைல் செய்தாயிற்று. "மிர்கி நோயாளியாகிய உங்களுக்கு" என்றுதான் அந்தக் கார்டு ஆரம்பித்தது. மிர்கி என்றால் வலிப்பு. தாராவியில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த எந்தக் குழந்தைக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியும்.

விலாசச் சீட்டுகளை ஒட்டியது நான்தான். மூத்தவளின் பெயர் வந்தபோது கை நின்றது. எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். புது மருந்து நல்லதாக இருந்து அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பிரயோஜனப்பட்டால் என்று இன்னொரு நினைப்பு. அதோடு வேலை போய்விடுமோ என்ற பயம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் சந்தில் தபால்காரர் வீடு வீடாகப் போவதில்லை. வீட்டுக்கு நம்பர் இருந்தால்தானே போவதற்கு. மொத்தத் தபாலையும் அந்தத் தோல் பட்டறையில் போட்டுவிடுவார். பட்டறை முதலாளிக்கு நான்கு பாஷை படிக்கத் தெரியும். யாருக்குக் கடிதம் வந்தாலும் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு உரக்கப் படிப்பார். ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் மௌத்தானது, எங்கே மழை பெய்தது என்று எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். கடிதம் என்றால் அங்கே அப்படித்தான், ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வந்தது மாதிரி. ஒட்டிய கவர் என்றால் மட்டும் பிரிக்கமாட்டார், ஆள் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று மேஜைமேல் வைத்துவிடுவார். அன்றைக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் வழக்கம்போலக் கார்டை எடுத்து, பெயரைச் சொல்லி, மிர்கி நோயாளியாகிய உங்களுக்கு என்று படிக்க ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பட்டறையில் மூன்றாவது மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவன் மூத்தவளின் கொழுந்தன்.

சீத்தா கேம்ப்பில் இருந்த மாமியார் வீட்டுக்கு அன்று சாயங்காலமே செய்தி போய்விட்டது. வலிப்பு இருப்பதை மறைத்துப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மூத்தவளை இரண்டு குழந்தைகளோடு தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

எட்டு நாள் கழித்து அந்த அம்மா ஜன்னலில் வந்து நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பெரியவளுக்கு இல்லன்னு சொன்னா பின்ன யாருக்குன்னு கேப்பாவ. சின்னவளுக்குன்னு எந்த வாயால சொல்லுவேன்? வார ஞாயித்துக்கிழமைதான் பொண்ணு பாக்க வாராவ. ரெண்டும் நான் பெத்ததும்மா. எதைத் தூக்கிப் பாழுங்கிடங்குல போடன்னு நீங்களே சொல்லுங்க."

நேராக டாக்டரிடம் போனேன். இந்தப் பெயரில் உள்ளவருக்கு வலிப்பு கிடையாது, கார்டு தவறாக அனுப்பப்பட்டது என்று இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். இளையவளைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர் கம்ப்யூட்டர் தாளை எடுத்துப் பார்த்தார். பெயர் சரி, வியாதி சரி, மூன்று வருஷ மாத்திரை விவரமும் சரியாக இருக்கிறது, இதில் தவறு எங்கே என்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கியது. பொய் சொன்னது அவர்கள், இப்படிப் பொய்யான தகவல் கொடுத்தால் எங்கள் ஆராய்ச்சி என்ன ஆவது என்று என்னிடமே வருத்தப்பட்டார். இரண்டு பெண்களின் வாழ்க்கையை நடுத்தெருவில் வைத்துப் படிக்க வைத்துவிட்டு, தன் ஆராய்ச்சிக்கு அழுகிறாரே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஜனங்கள் பொய்யா சொன்னார்கள்? உங்களைப் போன்றவர்களிடமிருந்து தங்கள் பெண்ணை ஒளித்து வைத்தார்கள். அதைக்கூட உங்கள் பெட்டி தோண்டி எடுத்துவிட்டது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா என்றால் இல்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் சொன்னேன். அந்தக் கோழைத்தனம் இன்றைக்கும் உறுத்துகிறது.

சனிக்கிழமை காலையில் அந்தச் சின்னப் பெண் வந்தாள். அம்மாவோடு வரவில்லை. லாத்தா என்று அவள் கூப்பிடும் அக்காளின் கணவரையும் அவருடைய அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வலிப்பு ஓ.பி. நடக்கும் நேரம், வராந்தா நிறைய ஆட்கள். ஜன்னலுக்கு முன்னால் வந்து கேஸ் பேப்பரைக் கல் பலகையில் விரித்து வைத்தாள்.

"மச்சான், லாத்தாவுக்கு ஒண்ணும் கிடையாது. வலிப்பு எனக்குத்தான். ஏழாங்கிளாஸ் படிக்கையில இருந்து வருது. இந்தப் பேப்பருக்கு மாத்திரை முழுங்குதது நான்தான். நம்பலன்னா இந்த அக்காட்ட கேளுங்க."

சொல்லும்போது பலகையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தார். ஆமாம், மூன்று வருஷமாக இவளுக்குத்தான் மாத்திரை கொடுத்துவருகிறோம் என்று சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, எங்க மருமவளை நாங்க கூட்டிக்கிடுதோம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்காள் கணவரும் அவர் பின்னால் போனார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். விவரம் தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம். ரிக்கார்டு சரியாகிவிட்டது, பெயரை மாற்றி ஏற்று என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆராய்ச்சியில் சேரும் ஃபாரத்தை எடுத்து அவளிடமே நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. இதுக்கும் கார்டு போடுவீங்களா என்று இந்தியில் கேட்டாள். கேஸ் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க யாரும் வரவில்லை.

இதோடு டாக்டர் திருந்தியிருப்பார் என்று நினைத்தேன். ஆட்கள் போதவில்லை என்று அடுத்த மாதம் இன்னொரு பட்டியல் கேட்டார். மறுபடியும் கவர் என்றேன், மறுபடியும் கார்டு என்றார். ஒட்டி முடித்து, அனுப்புவதற்கு முன் அவர் பார்ப்பதற்காக மேஜையில் கார்டுக் கட்டை வைத்தேன். கட்டின் மேலே இருந்த கார்டில் என் பெயரையும் மாட்டுங்கா வீட்டு விலாசத்தையும் அடித்திருந்தேன். மிர்கி நோயாளியாகிய உங்களுக்கு என்ற அதே கார்டுதான்.

படித்துவிட்டுப் பதறிப்போனார். உண்மையாகவே பதறினார்.

"உனக்கென்ன பைத்தியமா? உங்கள் பில்டிங்கில் யாராவது படித்தால் என்ன நினைப்பார்கள்? நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?"

இதைத்தான் முதல் நாளிலிருந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை. என் கார்டை மட்டும் எடுத்து நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. பிறகு மணியடித்துப் பியூனைக் கூப்பிட்டு, மீதிக் கட்டைத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

நான் எழுந்து போய்ப் பியூன் கையிலிருந்து அந்தக் கட்டைப் பிடுங்கிக்கொண்டேன். பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடி அறை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கார்டுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றும் ஒட்டிய கவரில்.