சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் விலங்கியல் படித்தேன். எங்கள் ஆய்வகத்து ஃபார்மலின் பாட்டில்களுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் உற்றுப் பார்த்ததில்லை. மூடியை வைத்துத்தான் மனப்பாடம் செய்வோம். சிவப்பு நூல் கட்டியிருந்தால் கடலில் வாழும் விசிறிப் புழு. சீனியர்கள் சொல்லிக்கொடுத்த வழி அது.

செய்முறைத் தேர்வன்று, தூத்துக்குடியிலிருந்து வந்த தேர்வாளர் அத்தனை பாட்டிலுக்கும் புது மூடி போட்டிருந்தார்.

"மூடியெல்லாம் மாத்திட்டாங்கடி, செத்தோம்!" என்று முணுமுணுத்தாள் தோழி ஜெசிந்தா.

மணி அடித்தால் அடுத்த பாட்டிலுக்கு நகர்ந்துவிட வேண்டும். முதல்முறையாக உள்ளே பார்த்தேன். நனைந்த இறகுபோல ஒரு கொத்து. அதன் கீழே உடம்பெல்லாம் வளையம் வளையமாக இருந்தது. எங்கள் ஊரான அகரத்தில், கத்தரித் தோட்டத்து மண்புழுவுக்கும் இதே வளையங்கள்தான்! 'வளைதசைப் புழுத் தொகுதி, விசிறிப் புழு' என்று எழுதினேன்.

பின்னால் வந்து நின்ற தேர்வாளர், "ஒரு கடல்ல இருந்த புழு இன்னொரு நாட்டுத் துறைமுகத்துக்கு எப்படிம்மா போச்சு?" என்றார்.

அது பாடத்திலேயே இல்லை. எங்கள் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது.

"நாத்து வாங்கிட்டு வந்தா கூடவே கோரையும் வந்துரும் சார். இது கப்பலுக்கு அடியில ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும்."

"கடலப் பாத்திருக்கியா?"

"இல்ல சார்."

மணி அடித்தது. அவர் ஜெசிந்தாவிடம் நகர்ந்துவிட்டார்.

பாஸாகிவிட்டேன். சில வருடம் கழித்து ராமேசுவரம் போனபோது எல்லோரும் அலையைப் பார்த்தார்கள். நான் கட்டிக் கிடந்த படகின் அடியைக் குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் ஒரு குட்டி விசிறி விரிந்திருந்தது.

நூல் எதுவும் கட்டியிருக்கவில்லை. ஆனாலும் எனக்கு அதை அடையாளம் தெரிந்தது.