வரைபடத்தில் நான் அழித்த ரோடு

பேய், மோகினி, காத்துக்கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் மாட்டு டாக்டர். எங்கள் அரியலூர்ப் பக்கம் மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால்கூட, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்ட பிறகுதான் எனக்குப் போன் செய்வார்கள். அதற்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன் தெரியுமா? அப்படிப்பட்டவள் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், முழுதாகக் கேட்டுவிட்டு.

முதலில் அந்த மேப் விஷயம். எல்லோரும் வைத்திருக்கிற மேப்பில், வயலுக்கு நடுவே நாலைந்து வீடுகளாக இருக்கிற எங்கள் காட்டுக்கொட்டாய்களில் பாதி இருக்காது. அதனால் நான் பொதுமக்களே சேர்ந்து வரைகிற இலவச மேப் ஒன்றைப் போனில் வைத்திருக்கிறேன். டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் அதில் பெயரைப் போட்டுத் தேடினால் போச்சு. குடிக்காடு என்று கேட்டால் பெரம்பலூரிலிருந்து உடையார்பாளையம் வரைக்கும் உள்ள அத்தனை குடிக்காட்டையும் காட்டும், நமக்கு வேண்டியதைத் தவிர. ஒரே பள்ளிக்கூடம் இரண்டு இடத்தில் இருக்கும். மாரியம்மன் கோவில் ஏரிக்குள் இருக்கும். எத்தனை நாள் திட்டிக்கொண்டே இருப்பது, நாமே திருத்துவோம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார ஆரம்பித்தேன்.

வேலை இதுதான். நான் ஸ்கூட்டரில் போகிற வழியெல்லாம் போனில் புள்ளி புள்ளியாகத் தடம் பதிவாகும். வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து, மேப்பில் விட்டுப்போன ரோட்டை வரைவேன். இல்லாத ரோட்டை அழிப்பேன். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குவாரிகள் விழுங்கிய ரோடுகள் எங்கள் பக்கம் நிறைய. செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன். என் கணவர், ஊரில் ரோடு போடச் சொன்னால் போனில் போடுகிறாளே என்று கேலி செய்வார்.

ஐப்பசி மாதம், மழை சற்று விட்டிருந்த ஒரு சாயங்காலம். மேலக்குடிக்காட்டிலிருந்து தனம் என்று ஒரு பெண் போன் செய்தாள். அந்த ஊருக்கு நான் அதுவரை போனதில்லை. மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது, பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகிறது, ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது என்றாள். கணவர் இறந்த பிறகு அந்த ஒரு மாட்டை வைத்துத்தான் அவள் பிழைப்பு ஓடுகிறதாம்.

"அதுவும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன் டாக்டரம்மா," என்றாள்.

லொகேஷன் அனுப்பச் சொன்னேன், அனுப்பினாள். அங்கே போய் நின்றால் வீடே இல்லை. ஒரு மதகு, ஒரு பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் பருத்தி. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. வீட்டில் டவர் கிடைக்காது என்று டவர் கிடைக்கிற இடத்துக்கு நடந்து வந்து, அங்கே நின்றபடியே லொகேஷனை அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால். எனக்குக் கோபம் ஒரு பக்கம், மாடு செத்துவிடுமே என்கிற பயம் ஒரு பக்கம்.

மேப்பில் தேடினேன். வழக்கம்போல எங்கெங்கோ உள்ள குடிக்காடுகள் வந்தன. விரலால் நகர்த்தித் துழாவியதில், கிழக்கே பெயர் போடாத நாலைந்து வீடுகள் தெரிந்தன. மதகிலிருந்தே நேராக அங்கே ஒரு ரோடு போனது. நிமிர்ந்து பார்த்தேன், ரோடு எதிரிலேயே இருந்தது. வண்டியை விட்டேன். நல்ல கப்பி ரோடு, இரண்டு பக்கமும் கருவேலம். அத்தனை மழைக்குப் பிறகும் ஒரு பள்ளம்கூட இல்லை. எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு ரோடா என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டியது அப்போதுதான்.

ரோடு முடிந்த இடத்தில் முதல் வீடே தனத்தின் வீடு. கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கி மாட்டிக்கொண்டிருந்தது. கையை விட்டுக் கன்றைப் பின்னுக்குத் தள்ளித்தான் அந்தக் காலை நேராக்க முடியும். மாடோ ஒரு நிலையில் இல்லை, எழுவதும் விழுவதுமாக உதைத்தது. தனம் என் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு அம்மாள் மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து, கழுத்தைத் தடவி ஏதோ மெதுவாகச் சொன்னார். மாடு அடங்கிவிட்டது. நல்ல சொந்தக்காரர் வாய்த்திருக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்க்க எனக்கு ஏது நேரம்?

கன்று உயிரோடு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தாயும் கன்றும் இரண்டுமே போயிருக்கும். தனம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

கிளம்பும்போது, வந்த வழியிலேயே போய்விடுகிறேன் என்றேன். எந்த வழி என்று கேட்டாள். மேற்கே, மதகிலிருந்து நேராக வருகிற ரோடு என்றேன்.

"அந்தப் பக்கம் ஏதுங்க ரோடு? குவாரி குழியில்ல கெடக்கு. நடந்தா குழி ஓரமா வந்துரலாம், வண்டின்னா சுத்திக்கிட்டுத்தாங்க வரணும்."

இருட்டில் எனக்குத் திசை குழம்பிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் முன்னால் போக, வெகுதூரம் சுற்றி மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் மதகுக்குப் போனேன். ரோடு இருந்த இடத்தில் முள்கம்பி வேலி. அதற்கு அப்பால் பெரிய குழி, அடியில் பச்சைத் தண்ணீர், எதிர்க்கரையில் தனத்தின் வீடு. போனை எடுத்துப் பார்த்தால் மேப்பில் அந்த ரோடு இல்லை. பழைய மேப் போனில் தங்கியிருக்கும் என்பீர்கள். போன் புதுசு, மேப்பை இறக்கியதே முந்தின வாரம்தான். யார் எதை மாற்றினார்கள் என்கிற வரலாறு அந்த மேப்பில் இருக்கும், அதையும் பார்த்தேன். அங்கே முன்பு ஒரு ரோடு இருந்திருக்கிறது. போன வருஷம் அழித்திருக்கிறார்கள். அழித்தவர் என்று இருந்தது என் பெயர்.

ஆனால் என் தடம் போனில் பதிவாகியிருந்தது. மதகிலிருந்து தனத்தின் வீடு வரைக்கும், குழிக்கு மேலே ஒரே கோடு. என்னைப் போலவே மேப் வரைகிற பெரம்பலூர் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். சில நேரம் புள்ளிகள் தள்ளி விழும் மேடம் என்றார். தள்ளி விழட்டும், அவ்வளவு பெரிய சுற்று நேர்கோடாகுமா என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நானே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். கன்றுக்குக் குடற்புழு மருந்து கொடுக்க, இந்த முறை சுற்று வழியாகவே தனத்தின் வீட்டுக்குப் போனேன். கன்று வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளியது. தனம் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்க வண்டியில பின்னாடி உக்காந்து வந்தாங்களே, அந்தம்மா வரலீங்களா? அவுங்க தலையப் புடிக்கலன்னா மாடு நின்னுருக்காது. எப்பப் போனாங்கன்னே தெரியல, ஒரு வாயி காப்பி கூட குடுக்கல."

நான் தனியாகத்தானே வந்தேன், அவர் உங்கள் வீட்டு ஆள் இல்லையா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் ஏது ஆள், நீங்கள் இறக்கி விட்டதை நான்தானே பார்த்தேன் என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தடத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி ஓடும்போது புள்ளிகள் விலகி விலகி விழும், நின்றால்தான் ஒரே இடத்தில் குவியும். குழியின் நட்டநடுவில், தண்ணீருக்கு மேலே, புள்ளிகள் குவிந்து கிடக்கின்றன. ஒருவர் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. நான் அந்த ரோட்டில் எங்கேயும் வண்டியை நிறுத்தவில்லை.