ஐஸிலிருந்து எடுத்த ரத்தம்

எனக்குக் கோவையாக எழுத வராது. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. பல விஷயம் மறந்தும் போயிற்று. முன்னுக்குப் பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். என் மாமனாருக்கு நீர் பிரிவதில் தொந்தரவு. புற்றுநோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறகு இடுப்பு வலியும் சேர்ந்தது. நோய் எலும்புக்குப் போயிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாமாம். போகாதிருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், போயிருந்தால் மாத்திரைதான்.

என் வீட்டுக்காரர் தோல் பட்டறைக்குப் போயிருந்தார். மாமனாரின் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை மாட்டுங்கா லேபில் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. கம்பவுண்டர் அதை ஒரு டப்பாவில் ஐஸுக்குள் வைத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மழையில் கட்டடங்கள் கரைந்து கரைந்து போயின. தண்ணீருக்கு அடியில் மெதுவாகப் போவதுபோல் இருந்தது. மடியில் டப்பா சில்லென்றது. மாமாவுக்குப் பச்சைத் தண்ணீர் பட்டாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவர் ரத்தம் ஐஸில் கிடந்தால் அங்கே வீட்டில் அவருக்குக் குளிருமே என்று தோன்றியது. குழாயை எடுத்து முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். சற்று நேரத்தில் அது என் சூட்டுக்கு வந்தது. மடியில் பிள்ளை தூங்குகிற மாதிரி அசையாமல் இருந்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய், திரும்பி நடந்தேன்.

லேபில் இருந்த மாட்டுங்காத் தமிழர் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னம்மா, அடைகாத்துண்டு வந்தேளா?”

ஐஸ் டப்பாவையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“ஐஸ்லயே இருந்தாத்தான் கணக்கு சரியா வரும். இது கெட்டுப்போச்சு. வேற எடுத்துண்டு வாங்கோ.”

மாமாவிடம் நான் நேருக்கு நேர் பேசியதே இல்லை. எங்கள் பக்கத்து மருமகள்கள் அப்படித்தான். அன்று கதவோரம் நின்று சொன்னேன்.

“நாந்தான் கெடுத்துட்டேன் மாமா. ஒங்களுக்குக் குளிருமேன்னு ஐஸ விட்டு எடுத்துட்டேன்.”

அவர் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“அப்படியா சங்கதி,” என்றார். “இன்னைக்கு வலி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னு இப்பந்தாம்மா வெளங்குது.”

மறுநாள் எடுத்த ரத்தம் ஐஸிலேயே போயிற்று. கணக்கு மிகவும் கூடுதலாக வந்தது. எலும்புக்குப் போய்விட்டது, ஆபரேஷனால் பலனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையில் இரண்டு வருஷம்போல இருந்தார். அந்த இரண்டு வருஷமும் நாங்கள் நேராகவே பேசிக்கொண்டோம்.

அந்தச் சோதனையின் பெயரில் ஆசிட் என்று ஏதோ வரும். வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். என்னால் தள்ளிப்போன அந்த ஒரு நாளால் அவருக்கு ஏதும் கெடுதல் வந்திருக்குமா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.