ஆபீசரம்மா வளைகாப்புக்குப் போனது

நான் பத்தாவது வரை படித்தவள். ஒரகடம் பக்கத்தில், காருக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாகக் கடைசிச் செக்கிங்கில் நிற்கிறேன். புதிதாக வந்த யாராவது என் பெயரைக் கேட்டாலே எனக்குக் கழுத்து சூடாகிவிடும். படப்பை ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, இறங்க வேண்டிய இடம் வந்தும் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்தவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் மேடையில் மேஜிக் செய்கிறாள் என்றால் என் சொந்தக்காரர்களே நம்புவதில்லை.

என் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்த மூன்று வாரம் அவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று, பொருட்காட்சியில் எப்போதோ வாங்கிப் பரண்மேல் போட்டிருந்த மேஜிக் பெட்டியை இறக்கினேன். கர்சீப்பை மறைப்பது, வெட்டின கயிற்றை ஒன்றாக்குவது, கவிழ்த்த டம்ளரில் தண்ணீரை நிறுத்துவது. அவளுக்கு உடம்பு சரியாகிவிட்டது. எனக்குத்தான் அது விடவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், லைனில் எனக்கு அடுத்து நிற்பவளிடம் ஒரு ஸ்பூனை மறைத்துக் காட்டினேன். அவள் வாலாஜாபாத் பக்கத்துக்காரி. வாய் ஓயாது. என்னைக் கேட்காமலே ஃபேமிலி டே நிகழ்ச்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"நான் பேச மாட்டேன்டி."

"உன்ன யாரு பேசச் சொன்னது? கைதான வேலை செய்யப்போவுது."

"எல்லாரும் என் மூஞ்சியவே பார்ப்பாங்க."

"அப்போ மூஞ்சிய மூடிக்கோ."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் அதையே பிடித்துக்கொண்டேன். செக்கிங்கில் போடும் வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி, மாஸ்க், கையுறை, கழுத்தில் கயிறு கட்டின மூக்குக் கண்ணாடி. இத்தனையும் போட்டுக்கொண்டு கக்கூஸ் கண்ணாடியில் பார்த்தால், எங்கோ தலைமை ஆபீசிலிருந்து வந்த யாரோ ஓர் அம்மா நிற்கிறாள். அவளுக்குக் கூச்சம் கிடையாது. அவளைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

எங்கள் லைனில் ஒரு பொருளில் குறை இருந்தால் அதன்மேல் சிவப்பு அட்டை கட்டி, சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். அட்டையில் குறை என்ன, சரி செய்யும் பொறுப்பு யாருடையது என்று எழுதாமல் கட்டக்கூடாது. நல்ல பொருளுக்குப் பச்சை ஸ்டிக்கர். இன்னொரு வழக்கமும் உண்டு. உள்ளே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடும் பாதையைக் கடக்கும் முன் நின்று, கையை நீட்டி, வலது பக்கம் காட்டி "ரைட் ஓகே", இடது பக்கம் காட்டி "லெஃப்ட் ஓகே", நேரே காட்டி "ஃப்ரண்ட் ஓகே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும். ஆறு மாதம் போனால் வீட்டில் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போதுகூடக் கை நீளும்.

மேடையில் அந்த அம்மா அதைத்தான் செய்தாள். வலது, இடது, நேரே காட்டிவிட்டு, ஒரு கர்சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மோந்து பார்த்து, அட்டையில் நிதானமாக எழுதினாள்: குறை, சுருக்கம். சிவப்புப் பெட்டியில் போட்டாள். பெட்டியைக் கவிழ்த்தால் ஒன்றுமில்லை. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத் திறந்தால் கர்சீப் மடித்துத் தேய்த்து இருந்தது. இரண்டாவது வித்தைக்குக் கையை நீட்டினதும் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தாங்களாகவே "ரைட் ஓகே" என்று கத்தினார்கள். நான் மொத்தமாகப் பேசினது நாலு வார்த்தை. இறங்கி வந்தபோது பிள்ளைகள் "ஆபீசரம்மா" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அடுத்த வருடம் பாதுகாப்பு வாரத்துக்கு நாடகம் போட்டார்கள். "ஆபீசரம்மா ஒரு வீட்டுக்கு வந்து அடுப்பு, கேஸ் டியூப், ஹெல்மெட் எல்லாம் செக் பண்ணணும்" என்றார்கள். மேஜிக் எதுவும் வேண்டாமாம். எனக்கு அது பெரிய குழப்பமாக இருந்தது. வித்தையைப் பார்க்கத்தானே சனம் உட்கார்ந்திருந்தது, வித்தை இல்லாவிட்டால் இந்தக் கோட்டுக்கு என்ன வேலை? ஆனாலும் போனேன். ஆபீசர் ஒரு பழைய ஹெல்மெட்டை எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு தலைமுடியை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். அதற்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் பொருளைப் பார்க்கும் விதம்தான் இவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கெங்கோ கூப்பிட்டார்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருச் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம். மூன்று ஞானிகளும் காணிக்கையோடு வரும்போது ஆபீசர் வழிமறித்து, பொன்னை வாங்கி ஹால்மார்க் தேடினாள். போதகரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு காதுகுத்து விழாவில் மட்டும் தப்பு செய்துவிட்டேன். தாய்மாமன் ஒருவர் தொப்பையும் தொந்தியுமாக உட்கார்ந்திருந்தார். சிரிப்பு வரும் என்று அவர் வயிற்றில் சிவப்பு அட்டையை ஒட்டினேன். சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அன்றோடு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: ஆபீசர் பொருளைத்தான் ரிஜெக்ட் செய்வாள், ஆளை இல்லை.

போன வருடம் எங்கள் லைனில் கண்ணாடிக்கு மோட்டார் பொருத்தும் பெண்ணுக்கு வளைகாப்பு. அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, இந்தப் பக்கத்துப் பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டவள். பிறந்த வீட்டோடு உறவு அற்றுவிட்டது. அவள் அம்மா ஒன்றரை வருடமாகப் போனை எடுக்கவில்லை. வளைகாப்பு பிறந்த வீட்டார் செய்ய வேண்டியது. அதனால் லைன் பெண்களே பிறந்த வீடாக நின்று தட்டு எடுப்பதென்று பேசிக்கொண்டோம். ஒரு வாரத்துக்கு முன்னால் அவள் அண்ணன் போன் செய்தான். அம்மா வருவாளாம், ஆனால் மத்தியானமே பஸ் ஏறிவிடுவாளாம்.

"எங்கம்மை ஒரே ஒரு வளவி போட்டா போதும்க்கா" என்றாள் அந்தப் பெண் என்னிடம். "வேற எதுவும் நான் கேக்க மாட்டேன். சபையில ஆபீசரம்மா கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டா. நாங்க யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டா."

அவர்களுடைய வாடகை வீட்டு மொட்டை மாடியில் சாமியானா போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தப் பெண்ணின் அம்மா கதவோரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அப்போது கோட்டுப் போடவில்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்று கீழே படியிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் வாலாஜாபாத்காரி.

"ஒண்ணும் சொல்லலை."

"நீ இன்னா கேட்ட?"

"ஒண்ணும் கேக்கலை."

"ரெண்டு பேரும் நல்லா பேசிக்கினீங்க போ."

கோட்டு, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு ஆபீசராக மேலே ஏறினேன். சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தேன், பன்னீர்ச் செம்பைக் குலுக்கி லீக் இருக்கிறதா என்று பார்த்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, பெண்டாட்டி இருக்கும் இடத்துக்கு வருவதற்கு முன் வலது இடது காட்டச் சொன்னேன். அவன் காட்டினான். மாடியே அதிர்ந்தது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த ஒவ்வொரு தடவையும் கதவுப் பக்கம் பார்த்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. மணியைத்தான் பார்த்தார்.

முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு ஒவ்வொருத்தியாக வந்து சந்தனம் பூசிக் கண்ணாடி வளையல் போட்டார்கள். நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசிப் பெண் போட்டதும் "இப்போது தாயார் வரலாம்" என்று ஆபீசர் கூப்பிட வேண்டும். அதுதான் ஏற்பாடு. திரும்பிக் கதவோரம் பார்த்தேன். வாயைத் திறந்தேன், 'தாயார்' என்ற வார்த்தை வரவில்லை. தைரியமெல்லாம் கோட்டில்தான் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் கோட்டுக்குள்ளே நான்தான் இருந்தேன்.

என்ன செய்வது என்று தெரியாமல் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு ஒரு காருக்கு இடது கண்ணாடி ஒன்று, வலது கண்ணாடி ஒன்று. தட்டில் இடது பத்து என்றால் வலதும் பத்து இருக்க வேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ லைனை நிறுத்திவிடுவோம். நான் அவள் கைகளைக் காட்டினேன்.

"லெஃப்ட் பத்து."

"ஓகே" என்றார்கள் முப்பது பேர்.

"ரைட் பத்து."

"ஓகே."

அவள் நாற்காலி முதுகில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பச்சை ஒட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அவள் கேட்ட அந்த ஒரு வளையலுக்கு இடமில்லாமல் நானே மூடிவிட்டேன்.

"நில்லுங்க."

கதவோரத்திலிருந்து வந்தது குரல். அந்த அம்மா கைப்பையோடு எழுந்து நின்றிருந்தார்.

"பத்தும் பத்தும் இருவது. ரெட்டைப்படையில அடுக்கிட்டு கை தட்டுதியளே, இது எந்த ஊரு வழக்கம்? வளவின்னா ஒத்தைப்படையிலல்லா போடணும். இம்புட்டு பொம்பளைய இருக்கிய, ஒருத்திக்குமா தெரியல?"

எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். ஆனால் கையை நீட்டி எண்ணைச் சொன்னால், லெஃப்ட்டும் ரைட்டும் சமமாக இருந்தால், எங்கள் வாய் தானாக ஓகே சொல்லிவிடும். எடுத்துச் சொல்லக்கூடிய மாமியார் கீழே புளியோதரைப் பக்கம் இருந்தார்.

வாலாஜாபாத்காரிதான் பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க கம்பெனில ரெண்டு பக்கமும் சமமா கீதானுதான் பார்ப்போம்."

"புள்ள பெறப்போறது கம்பெனியா?"

 மாடி முழுக்க ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஆபீசர் திரும்பி வந்தாள். நிதானமாகப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தாள். பேனாவைத் திறந்து, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "பொருள்: ஆபீசர். குறை: எண்ணத் தெரியவில்லை." அட்டையை என் கோட்டிலேயே குத்திக்கொண்டேன். ஆளுக்கு அட்டை குத்தக்கூடாது என்ற என் சட்டத்தை அன்றைக்கு ஒருநாள் மீறினேன். பிறகு கீழ்க்கட்டத்தைப் படித்தேன். "சரி செய்யும் பொறுப்பு." மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அந்த அம்மாவைப் பார்த்தேன். பேனாவை நீட்டிக் காட்டினேன். "தாயார்."

 அவர் கைப்பையை நாற்காலியில் வைத்தார். அதுவரை அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. வந்து தட்டிலிருந்து பச்சையாக ஒரு வளையல் எடுத்து, மகளின் வலது கையைப் பிடித்தார். வளையல் மணிக்கட்டுக்குமேல் ஏறவில்லை. கையைத் திருப்பி, விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"கையில நீர் கோத்துருக்கேட்டி. உப்பக் குறைச்சுச் சாப்பிடுதியா?"

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மகளிடம் பேசின முதல் பேச்சு இதுதான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சந்தனம் பூசின கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டது. அவர் சந்தனத்தையே கொஞ்சம் வழித்து மகள் கையில் தடவி, மெல்ல மெல்ல வளையலை ஏற்றினார்.

நான் கையை நீட்டினேன். "ரைட் பதினொண்ணு." இந்தத் தடவை மாடிப்படியிலிருந்த மாமியாரும் சேர்ந்து ஓகே சொன்னார்.

பிறகு, விழாவுக்கு வந்திருந்த பெண்களுக்கெல்லாம் வளையல் போட்டுவிட்டது அந்த அம்மாதான். என் முறை வந்தபோது கையுறையைக் கழற்றச் சொன்னார். மாஸ்க்கையும் கழற்றினேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"டீ கொண்டாந்த பிள்ளைல்லா நீ? அப்பம் வாயே தொறக்கல. சட்டையப் போட்டா இந்தப் பேச்சு பேசுத."

எனக்குக் கழுத்து சூடாகிவிட்டது. "ஆமாம்மா" என்றேன். அது ஆபீசர் சொன்னதில்லை, நான் சொன்னது.

மத்தியான பஸ் போய்விட்டது.  எலுமிச்சை சாதத்தில் எண்ணெய் போதவில்லை என்று அவரும் மாமியாரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மகளோடு நாலு நாள் இருந்துவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை காலை ஷிப்டில், தட்டில் அடுக்கி வைத்து எண்ணினேன். லெஃப்ட் பத்து. ரைட் பத்து. ஸ்டிக்கரை எடுக்கும்போது பக்கத்திலிருந்து வாலாஜாபாத்காரியின் குரல் வந்தது.

"அக்கா, பார்த்துக்கோ. ரெட்டைப்படையா கீது. ஒண்ணு கூடப் போடவா?"

லைன் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மாஸ்க்குக்குள்ளே நானும் சிரித்துக்கொண்டே பச்சையை ஒட்டினேன்.