பிரமிடுக்குத் தண்ணீர் ஊற்றியவர்

பிரமிடு கட்டிய எகிப்துக்காரர்கள் அத்தனை பாரத்தைப் பாலைவனத்தில் எப்படி இழுத்திருப்பார்கள் என்று விஞ்ஞானிகள் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்களாம். மணலை அளவாக நனைத்தால் பாதி ஆட்களே போதுமாம். மகன் கைப்பேசியில் படித்துக் காட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை என் தாய்மாமா, மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்திலேயே, எங்கள் செமோர் ஊர்ப் பக்கத்து மணலில் செய்து காட்டிவிட்டார். அவர் பெயரை யாராவது எழுதினார்களா? ஒரே ஒருவர் எழுதினார். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். துரை ஓடிப்போன பங்களாவிலிருந்து மாமா ஒரு படப்புத்தகத்தை எடுத்துவந்து எனக்குக் கொடுத்தார். அதில் ஒரு படம். மரச்சட்டத்தில் பெரிய சிலையை ஏற்றிக் கூட்டமாக இழுக்கிறார்கள். சட்டத்தின் முன்னால் நின்று ஒருவன் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறான்.

“இது சாமி காரியம் லா,” என்றார் மாமா. “நம்ம தேருக்கு முன்னாடி மஞ்சத்தண்ணி ஊத்துறோம்ல, அதேதான்.”

லயத்தில் எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. என் குறை வேறு. படத்தின் கீழே ராஜாவின் பெயர்தான் இருக்கிறது என்று பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். இழுத்தவன் பெயர் இல்லை, ஊற்றியவன் பெயரும் இல்லை. அடுத்த பக்கத்துப் பிரமிடுக்கும் ராஜா கட்டியது என்றே போட்டிருந்தது. ராஜா ஒரு கல்லையாவது தொட்டிருப்பானா? அந்த வயதிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கரிக்கட்டையை எடுத்து, குடக்காரன் தலைக்கு மேல் மாமாவின் பெயரை எழுதிவைத்தேன்.

ஒருநாள் ஆலையில் இருந்த பெரிய இயந்திரத்தை ரயிலடிக்குக் கொண்டுபோகச் சொல்லி ஜப்பான்காரர்கள் உத்தரவிட்டார்கள். பாலத்தை வெள்ளைக்காரன் பின்வாங்கும்போதே உடைத்திருந்தான். சுற்றிப்போகும் வழியெல்லாம் பழைய ஈயச் சுரங்கத்து மணல். லாரி இறங்கினால் புதைந்துவிடும். இரண்டு மரங்களைச் சேர்த்துக் கட்டி, இயந்திரத்தை மேலே ஏற்றி, நாற்பது ஆண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். பாதி வழியில் நின்றுவிட்டது. இழுக்க இழுக்க முன்னால் மணல்தான் குவிந்தது. அதிகாரி விறுவிறுவென்று வந்து, முதலில் நின்ற மாமாவின் கன்னத்தில் அறைந்தான்.

என்னையும் கூட்டிக்கொண்டு குடிதண்ணீர் கொண்டுவந்திருந்த அத்தை, மாமாவின் மனைவி, என்ன நினைத்தாரோ, டின்னோடு தண்ணீரை மரங்களுக்கு முன்னால் ஊற்றித் தேரைக் கும்பிடுவதுபோல் கும்பிட்டார். அடுத்த இழுப்பில் நகர்ந்தது. மாரியாத்தா கண் திறந்தாள் என்றார்கள். மாமா மட்டும் குனிந்து மணலை அழுத்திப் பார்த்தார்.

“சாமி இல்ல புள்ள. ஈர மணலு குவியல பாத்தியா? கொஞ்சமா ஊத்தணும். நெறைய ஊத்துனா சேறாயிரும்.”

பெண்கள் குட்டையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். மாமா அளவு பார்த்து ஊற்றினார். நடுப்பகலுக்குள் இயந்திரம் மணலைத் தாண்டிவிட்டது. படத்தில் இருந்தவனும் சாமி கும்பிடவில்லை, வேலைதான் செய்திருக்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

அதிகாரி சிரித்தான். அவனோடு வந்திருந்த தமிழ் தெரிந்த ஆள் கேட்டார். “யாரு சொன்ன யோசன இது? கேக்குறாங்க.”

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். மாமாவும்தான். எனக்குத் தாங்கவில்லை. அறை வாங்க மட்டும் மாமா, பெயர் சொல்ல ஒருவரும் இல்லையா? இவரும் அந்தக் குடக்காரன் மாதிரிப் போக வேண்டியதுதானா?

“எங்க மாமாதான்!” என்று கத்தினேன். பெயரைச் சொன்னேன், அவருடைய அப்பா பெயரையும் சேர்த்து. அந்த ஆள் எழுதிக்கொண்டார். அதிகாரி மாமாவின் தோளில் தட்டினான்.

நான்காம் நாள் லாரி வந்தது. சயாமில், இப்போதைய தாய்லாந்தில், ரயில் பாதை போடுகிறார்களாம், விவரமான ஆட்கள் வேண்டுமாம். எங்கள் தோட்டத்தில் முதலில் கூப்பிட்ட பெயர் மாமாவுடையது. “புஸ்தகத்த மழையில நனைய விட்றாத லா,” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

அவர் திரும்பவில்லை. எந்தக் காட்டில் புதைத்தார்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அந்தப் பாதையையும் ஜப்பான்காரன் போட்டது என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள். அவன் ஒரு கட்டையையாவது தோளில் சுமந்திருப்பானா?

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவின் பெயரை ஊரறியக் கூப்பிட்டார்கள் என்பது மட்டும்தான். லாரி நகர்ந்தபோது குதித்துக் குதித்துக் கையாட்டினேன். அத்தை என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். மாமாவுக்கு இவ்வளவு பெரிய வேலை கிடைத்திருக்கிறது, சிரித்த முகமாக வழியனுப்ப இவருக்கு மனசு வரவில்லையே என்று, அத்தையோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.