ஒளிர்ந்த கட்டியும் குணலட்சுமியும்

புத்தூர்க் குணலட்சுமிக்குப் பொறாமை புதிய வருத்தமல்ல. பக்கத்துத் தோட்டத்து வெங்காயம் தன்னுடையதற்கு முன் முற்றித் தாள் சாய்ந்தாலே அந்த வீட்டாரோடு இரண்டு நாள் கதைக்கமாட்டாள். இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். கணவன் மார்க்கண்டு கணையப் புற்றால் படுத்த பிறகு, ஒன்பது மாதமாகத் தோட்டத்தைத் தனியே பார்க்கிறாள்.

கிளினிக்கில் காத்திருந்த வாங்கில்தான் ஐரிஸ் ரீச்சரைக் கண்டாள். உரும்பிராயில் தனியே வாழும் கிறிஸ்தவர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. அவருக்கும் அதே நோய், அதே முற்றிய கட்டம். சென்னையில் ஒரு மருத்துவமனை புதிய ஊசியொன்றைச் சோதிக்கிறது என்று தேடிப் பிடித்தவர் ரீச்சர்தான். கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, அங்கேயே கதிரைப் பாய்ச்சும் மருந்து. மூன்று பேரும் பலாலி விமான நிலையத்திலிருந்து ஒன்றாகப் பறந்தார்கள்.

முதலில் ஒரு ஸ்கான். மருந்து கட்டியில் ஒட்டினால் படத்தில் அந்த இடம் ஒளிரும். ஒளிர்ந்தால்தான் சோதனைக்கு எடுப்பார்கள். ரீச்சரின் கட்டி மின்குமிழ் போல எரிந்தது. மார்க்கண்டுவின் கட்டி கறுப்பாகவே கிடந்தது.

இன்னொருத்தியின் புற்றைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா? குணலட்சுமி பட்டாள். “இங்கிலீசு தெரிஞ்ச ஆக்களைத்தான் எடுப்பினம்” என்று திரும்பும் வழியெல்லாம் புறுபுறுத்தாள். அது பொய். ஸ்கானுக்கு ஆங்கிலமும் தெரியாது, கிறிஸ்தவமும் சைவமும் தெரியாது. சாகக் கிடக்கிறவர்கள் இந்தப் படத்துக்காக ஏன் கடல் தாண்ட வேண்டும், இப்படியொரு சோதனை ஏன் எங்கள் மண்ணுக்கு வரவில்லை என்று கேட்டிருந்தால் நியாயம். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். ரீச்சர் எட்டும் தூரத்தில் இருந்தார்.

டொக்டர் ரீச்சரையும் குணலட்சுமியையும் வைத்துத்தான் விளக்கியிருந்தார். ஊசி போட்டபின் ஏழு நாள் ஆட்களிலிருந்து விலகியிருக்க வேண்டும். தனிக் கோப்பை, தனிப் படுக்கை. பிறகு வழமைபோல் இருக்கலாம். குணமாகுமா என்று இப்போது சொல்ல முடியாது, அதை அறியத்தான் சோதனை. ரீச்சர் அங்கேயே தங்கி, முதல் ஊசியையும் அந்த ஏழு நாளையும் முடித்தே ஊர் திரும்பினார்.

ரீச்சரையும் மார்க்கண்டுவையும் கிளினிக்குக்கு ஏற்றிப் போகும் ஓட்டோக்காரன் கோபிசங்கர் ஒருநாள் கேட்டான்: “குணமக்கா, ரீச்சரை ஏத்தினா எனக்குக் கதிர் தொத்துமோ? வீட்டிலை கைக்குழந்தை இருக்கு.”

பதில் அவளுக்குத் தெரியும்.

“ஆருக்குத் தெரியும்? உன்ரை பிள்ளையை யோசிச்சு நட.”

கண்ணூறு என்று ஒன்று கிடையாது. பொறாமைக்கு அது தேவையுமில்லை, இரண்டு வசனம் போதும். கோபிசங்கர் ரீச்சர் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினான். கதை உரும்பிராய்க்குப் போனது. ரீச்சருக்குச் சமைத்துக் கொடுக்கும் உதயகலா சாப்பாட்டைக் கேற்றடியில் வைத்துவிட்டு ஓடினாள். அதுவும் தனித் தட்டில். சாதி பார்த்துச் சக மனிதருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பழைய புத்திக்கு விஞ்ஞானம் ஒரு புதுச் சாட்டு.

ஊசி போட்ட ஆறாம் வாரம் குணலட்சுமி உரும்பிராய்க்குப் போனாள். ரீச்சர் தேறிவிட்டாரா என்று பார்க்க வேண்டும். தேறியிருக்கக்கூடாது என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனாள்.

“உள்ளை போகாதேங்கோ அக்கா,” என்றாள் கேற்றடியில் நின்ற உதயகலா. “கதிர் சுவரிலையும் ஊறியிருக்குமாம்.”

ரீச்சர் விறாந்தையில் எலும்பும் தோலுமாக இருந்தார். “வாரும் குணம். பயமெண்டால் அங்கையே நிண்டு கதையும். ஊசி போட்டு நாற்பது நாளாச்சு. எல்லாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டினன், ஒருத்தரும் நம்பேல்லை. வியாழக்கிழமை ரெண்டாவது ஊசிக்குச் சென்னைக்குப் போகவேணும். துணையில்லாமல் வரவேண்டாம் எண்டிட்டினம். ஆர் வரப்போகினம்? நான் விலகிறன் எண்டு சொல்லிப்போடப் போறன்.”

குணலட்சுமிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த கணம் மார்க்கண்டுவின் கறுத்த படம் நினைவில் வந்தது. ரீச்சர் விட்டால் அந்த ஊசி மார்க்கண்டுவுக்கு வராது. இறைத்த தண்ணீர் ஒரு பாத்திக்கும் பாயாமல் ஒழுங்கையில் ஓடுவதை அவளால் எந்தக் காலத்திலும் பார்த்துக்கொண்டு நிற்க முடிந்ததில்லை.

விறாந்தையில் ஏறினாள். ரீச்சர் பாதி குடித்து வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். உதயகலா வாயைப் பொத்தினாள். குணலட்சுமி போனை எடுத்தாள்.

“கோபி, அண்டைக்கு நான் பொய் சொல்லி உன்னைப் பேய்க்காட்டினனான். ஏழு நாள்தான் எண்டு டொக்டர் எனக்கு முன்னாலைதான் சொன்னவர்.”

“அப்ப ஏனக்கா உப்பிடிச் சொன்னனீங்கள்?”

“எரிச்சலிலை. அவவின்ரை கட்டி ஒளிர்ந்தது, என்ரை மனிசன்ரை ஒளிரேல்லை. விளங்கிச்சோ? வியாழன் விடிய ஓட்டோவைக் கொண்டு வா. துணைக்கு நான் போறன்.”

ரீச்சர் அவள் பக்கம் திரும்பினார். “இந்தக் கதையைக் கிளப்பினது நீர்தானோ?”

“ஓம்.”

“என்ரை வகுப்பெண்டால் முழங்காலிலை நிக்க விட்டிருப்பன்.”

வியாழன் காலை, மார்க்கண்டுவைத் தங்கையிடம் விட்டு வந்தாள். “போ, அவவுக்காவது மருந்து பிடிக்கட்டும்” என்று அவர் அனுப்பிவைத்தார். ஓட்டோ பலாலி வீதியில் ஏறியதும் ரீச்சர் அவள் கையைத் தொட்டார்.

“நன்றி குணம்.”

“நன்றி சொல்லாதேங்கோ ரீச்சர். எனக்கு இன்னும் எரியுது.”

“எரியட்டும். பாஸ்போட்டை எடுத்தனீரோ?”