தாழ்ப்பாள் இல்லாத கதவு

பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணிநேரம் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சென்ற வருடம் இரண்டாம் தவணை தொடங்கியபோது அதிபர் என்னைக் கூப்பிட்டு, மாணவர் நலனுக்கு இனி நான்தான் பொறுப்பு என்றார். நகரத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாகத் தூங்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மனதில் உள்ளதைப் பேச வேண்டும். அதையெல்லாம் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் தரத்தில் ஒரு பிள்ளை. கெட்டிக்காரி. இடைவேளைக்குப் பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். தலைவலி என்பாள். இரவில் கைப்பேசியை நோண்டிக்கொண்டு விழித்திருக்கிறாள் போல என்று நினைத்து, ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தேன். அடுத்த வாரம் காய்ச்சலும் வயிற்றுவலியுமாக அவள் சுருண்டு விழ, நானே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சிறுநீரில் கிருமித் தொற்று. "இந்தப் பிள்ளை தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று டொக்டர் என்னைத்தான் கேட்டார்.

கட்டிலருகே உட்கார்ந்து, "நான் அவ்வளவு சொன்னேனே, ஏம்மா குடிக்கல?" என்றேன்.

"குடிச்சா டொய்லட் போகணுமே டீச்சர். கதவுக்குத் தாப்பா இல்ல. பயலுக தள்ளிவிட்டுட்டு ஓடுறானுக. நாங்க யாருமே போறதில்ல. வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்குவோம்."

அந்தப் பாடசாலையில் எனக்கு அது மூன்றாவது வருடம். பிள்ளைகளின் மலசலகூடத்துக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஆசிரியர்களுக்கு வேறு இருக்கிறது, பூட்டும் சாவியும் போட்டு. மறுநாள் போய்ப் பார்த்தேன். இரண்டு கதவு. ஒன்று கீல் கழன்று தொங்கியது. மற்றதில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். இதை வைத்துக்கொண்டா தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று பாடம் நடத்தினேன்? என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அதிபரிடம் போனேன். "போன வருசமே கடிதம் அனுப்பியாச்சு டீச்சர். அனுமதி வரட்டும். நாமளா கை வச்சா கேள்வி வரும்" என்றார். அதே மூச்சில், அடுத்த மாதம் மாணவர் நல வாரம், பதாகை பெரிதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அனுமதி வரும்வரைக்கும் என்று ஆசிரியர்களின் மலசலகூடச் சாவியைப் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்தேன். மூன்று நாள்தான். நாலாம் நாள் ஓய்வறையில் மூத்த ஆசிரியை ஒருவர், "அப்புறம் நாங்க எங்க போறது?" என்று சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் கொப்பி திருத்துவதில் மும்முரமாக இருந்தார்கள்.

பிள்ளை குணமானதும் அவளுடைய அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொழுந்தெடுக்கிறவர், அன்று வேலைக்குப் போகவில்லை. மகளைக் காட்டச் சொல்லி அந்தக் கதவைப் பார்த்தார்.

"இதுக்கு யாருகிட்டங்க கேக்கணும்?"

"கேட்டாச்சுங்க. அனுமதி வரணுமாம்."

"ஒரு தாப்பா போடவா அனுமதி?" என்றார்.

சனிக்கிழமை காலை நான்கு தாய்மார், தோட்டத்துத் தச்சர் ஒருவரோடு வந்தார்கள். நான் வாயில் கதவைத் திறந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் இரண்டு கதவும் நேராக நின்றன, உள்ளே தாழ்ப்பாளோடு. திங்கட்கிழமை அதிபர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நல வாரத்துக்கு அதிகாரிகள் வந்தார்கள். சரிசெய்த கதவுகளைப் பார்த்து மகிழ்ந்து, அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பாடசாலை நிர்வாகத்தின் சிறந்த முயற்சி என்று அதிபர் அறிக்கை தயாரித்து என்னிடம் கையெழுத்துக் கேட்டார்.

"இது அந்தத் தாய்மார் செஞ்சது சேர். அப்படி எழுதுங்க, போடுறேன்."

"எல்லாம் நம்ம பாடசாலை தானே டீச்சர்?"

நான் போடவில்லை. அறிக்கை என் கையெழுத்து இல்லாமலே போனது. இந்த வருடம் மாணவர் நலன் வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது தலைவலி இல்லை. ஆனால் பதினொரு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வருவதில்லை. பொறுப்பு என்னிடம் இல்லையென்றாலும் அதற்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். பதில் வரவில்லை.